சாப்டர் சராசரி 3.52: அதில் உங்கள் மகள் எங்கே?

கேள்வி: என் மகள் டெக்சாஸில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் பயாலஜி படிக்கிறாள். முதல் வருடம் முடிந்தது. 30 கிரெடிட், ஜி.பி.ஏ. (4-க்கு மதிப்பெண் சராசரி) 3.62. மெடிக்கல் ஸ்கூல் போக வேண்டும் என்பது அவள் ஆசை. வருகிற ஆகஸ்டில் ஒரு சொராரிட்டியில் (கல்லூரிப் பெண்கள் சங்கம்) சேரப் போகிறேன் என்கிறாள். அவர்கள் கொடுத்த நோட்டீஸில் 120 பேர் கொண்ட சாப்டரின் (சங்கத்தின் வளாகக் கிளை) சராசரி ஜி.பி.ஏ. 3.52, பல்கலைக்கழகப் பெண்களின் சராசரி 3.41, சென்ற வருடம் 4,000 மணி நேரம் சமூக சேவை, 48,000 டாலர் நன்கொடை என்று போட்டிருக்கிறது. "நல்லாவும் படிக்கறாங்க, சர்வீஸும் பண்றாங்க, மெட் ஸ்கூலுக்கு உதவும்மா" என்கிறாள். என் வீட்டுக்காரருக்கு சொராரிட்டி என்றாலே சினிமாவில் பார்த்த கூத்துதான் ஞாபகம். கூடவே கூடாது என்கிறார். தெற்காசியப் பெண்களுக்கான சொராரிட்டி ஒன்றும் கூப்பிடுகிறதாம். அதுவாவது நம்ம பிள்ளைகள் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த எண்களை நம்பலாமா? சேர விடலாமா?
வாசகி, டாலஸ் அருகில்

பதில்: நோட்டீஸில் இருக்கும் ஜி.பி.ஏ. பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். சாப்டர் தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளும் கணக்கில்லை அது. செமஸ்டர் முடிந்ததும் பல்கலைக்கழகத்தின் கிரீக் லைஃப் அலுவலகம் (கிரேக்க எழுத்தில் பெயர் வைத்த இந்தச் சங்கங்களைக் கவனிப்பது), ரிஜிஸ்ட்ராரிடமிருந்து மதிப்பெண்களை வாங்கி, சாப்டர் வாரியாகச் சராசரி எடுத்து வெளியிடுகிறது. ஆகவே எண்ணை நம்பலாம். ஆனால் அந்த எண் பதில் சொல்லும் கேள்வி வேறு, நீங்கள் கேட்கும் கேள்வி வேறு. அங்கே எப்படிப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள் என்பதை 3.52 சொல்கிறது. சேர்ந்தபின் உங்கள் மகளின் மதிப்பெண் என்ன ஆகும் என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை.

காரணம் எளிது. வாசலிலேயே ஒரு சல்லடை இருக்கிறது. குறிப்பிட்ட ஜி.பி.ஏ. இல்லாதவர்களை சாப்டர் எடுப்பதே இல்லை. இரண்டாம் ஆண்டில் வருகிறவர்களிடம் இன்னும் கூடுதலாகவே எதிர்பார்ப்பார்கள். பின்வாசலிலும் ஒரு சல்லடை உண்டு. மதிப்பெண் விழுந்த உறுப்பினரை முதலில் புரபேஷனில் (எச்சரிக்கைக் காலம்) வைப்பார்கள், தேறவில்லை என்றால் ரோஸ்டரிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அவர்களில் சிலர் தாங்களாகவே விலகுவதும் உண்டு. 120 பேரில் 5 பேர் 2.1 வாங்கியிருக்கிறார்கள், மீதி 115 பேரின் சராசரி 3.52 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐவரையும் சேர்த்தால் 3.46, பெயரை எடுத்துவிட்டால் 3.52. பல்கலைக்கழகப் பெண்களின் சராசரிக்கு மேல் நிற்கும் 0.11 வித்தியாசத்தில் பாதிக்கு மேல் ஐந்து பெயரை அடித்ததிலேயே வந்துவிட்டது. இது மோசடி கிடையாது, விதிப்படி நடப்பதுதான். ஆனால் யாரையும் நன்றாகப் படிக்க வைத்ததால் வந்த உயர்வும் கிடையாது.

அந்த 3.41-ஐயும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகப் பெண்கள் எல்லோரையும் சேர்த்த எண் அது. வாரம் 25 மணி நேரம் கடையில் வேலை பார்த்துக்கொண்டு படிக்கிறவள், ஒரு மணி நேரம் கார் ஓட்டி வந்து போகிறவள், கம்யூனிட்டி காலேஜிலிருந்து மாறி வந்து திணறுகிறவள் எல்லோரும் அதற்குள் இருக்கிறார்கள். சொராரிட்டிச் சந்தா கட்ட முடிகிற வீட்டுப் பெண்களை அவர்களோடு ஒப்பிட்டால் மேலே நிற்பதில் என்ன அதிசயம்? இந்த நோட்டீஸில் பெண்களைப் பெண்களோடுதான் ஒப்பிட்டிருக்கிறார்கள், அதைப் பாராட்டலாம். ஆண்களையும் சேர்த்த மொத்த மாணவர் சராசரியோடு தன்னை ஒப்பிட்டு மார்தட்டும் சொராரிட்டிகளும் உண்டு. அந்தச் சராசரி வழக்கமாக இன்னும் கீழே இருக்கும்.

நீங்கள் பார்க்க வேண்டியது அதே அறிக்கையின் இன்னொரு பத்தியை. பல பல்கலைக்கழகங்கள் பழைய உறுப்பினர்களின் சராசரியையும், அந்த செமஸ்டரில் சேர்ந்த புதிய உறுப்பினர்களின் சராசரியையும் தனித்தனியாகப் போடுகின்றன. நோட்டீஸில் அச்சாவது மொத்த எண் மட்டும்தான். 120 பேரில் 30 பேர் புதியவர்கள் என்று வையுங்கள். பழைய 90 பேர் 3.63-ஐ ஒட்டி இருந்தால், புதியவர்கள் 3.20 வாங்கினாலும் மொத்தம் 3.52 என்றே வரும். உங்கள் மகள் சேரப்போவது அந்த 90-ல் இல்லை, 30-ல். கிரீக் லைஃப் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் கடைசி நான்கு செமஸ்டர் அறிக்கைகளை எடுத்து, ஃபால் (ஆகஸ்டில் தொடங்கும்) செமஸ்டர்களின் புதிய உறுப்பினர் வரியை மட்டும் பாருங்கள். ஒரு வருடம் குறைந்திருந்தால் அந்தக் கூட்டம் அப்படி என்று விட்டுவிடலாம். தொடர்ந்து குறைந்திருந்தால் கோளாறு சாப்டரின் நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பத்தியே அறிக்கையில் இல்லை என்றால், அலுவலகத்துக்கு உங்கள் மகள் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்கலாம். கேட்பது அவராக இருக்கட்டும். அம்மா எழுதினால் பதில் வழவழவென்று வரும்.

சேர்ந்தால் மதிப்பெண் இறங்குமா என்பதைப் பொருளாதார ஆய்வாளர்கள் நேரடியாகவே அளந்திருக்கிறார்கள். கிரீக் அமைப்பில் சேரக் குறைந்தபட்ச ஜி.பி.ஏ. வேண்டும் என்ற விதியுள்ள ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில், அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே நின்றவர்களையும் சற்றுக் கீழே நின்றவர்களையும் ஒப்பிட்டார்கள். இரு தரப்பும் படிப்பில் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு தரப்பு சேரலாம், மற்றது முடியாது. சேர்வதால் மதிப்பெண் 0.1 முதல் 0.3 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) வரை குறைகிறது என்று தெரிந்தது. பின்னாளில் வருமானம் கூடியதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. வடகிழக்கு மாநிலக் கல்லூரி ஒன்றின் பழைய மாணவர்களை வைத்து 2018-ல் வெளியான இன்னொரு ஆய்வு, ஃப்ரட்டர்னிட்டியில் (ஆண்களின் சங்கம்) சேர்ந்த ஆண்களுக்கு ஜி.பி.ஏ. சுமார் 0.25 குறைந்தது, ஆனால் பின்னாள் வருமானம் சுமார் 36 சதவீதம் கூடியது என்றது. வருமானத்தில் இரண்டும் எதிரெதிர். மதிப்பெண் இறங்கும் என்பதில் ஒரே பக்கம். ஆள் பழக்கத்தால் வேலை கிடைக்கும் துறைக்குப் போகிறவருக்கு அந்த 0.25 கொடுக்கத் தகுந்த விலையாக இருக்கலாம். மெடிக்கல் ஸ்கூலில் விண்ணப்பத்தைப் பிரித்ததும் கண்ணில் படுவது ஜி.பி.ஏ.வும் எம்கேட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும். அங்கே பழைய உறுப்பினர் யாரும் போன் போட்டு இடம் வாங்கித் தர முடியாது.

இறங்குவது ஏன் என்றால், பார்ட்டி என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வார். பார்ட்டியை விட காலண்டருக்குத்தான் பங்கு அதிகம். இரண்டாம் ஆண்டு ஃபாலில் பிரீ-மெட் (மெடிக்கல் ஸ்கூலுக்குத் தயாராகும்) பிள்ளைகள் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி எடுப்பார்கள், பலர் கூடவே பிசிக்ஸும். ஆகஸ்ட் கடைசியில் வகுப்பு தொடங்கும், செப்டம்பர் இரண்டாம் பாதியில் முதல் மிட்டெர்ம். புதிய உறுப்பினர் காலம் என்று சாப்டர் வைத்திருக்கும் ஆறு முதல் பத்து வாரம் ஓடுவதும் சரியாக அப்போதுதான். ஞாயிறு அல்லது திங்கள் மாலை சாப்டர் கூட்டம் இரண்டு மணி நேரம். புதியவர்களுக்கு மட்டும் தனிக் கூட்டம் ஒன்று. வளாகத்தில் மேசை போட்டு டிக்கெட் விற்கும் முறை ஒரு மணி நேரம். சனிக்கிழமை ஃபுட்பால், அதற்கு முன்னால் டெயில்கேட் விருந்து. இடையில் ஹோம்கமிங் விழா, யாருக்கு யார் மூத்த சகோதரி என்று அறிவிக்கும் பிக்-லிட்டில் வாரம். இது பெரும்பாலும் இரண்டாவது மிட்டெர்ம் மேல் வந்து உட்காரும். கூட்டிப் பார்த்தால் வாரம் 8 முதல் 12 மணி நேரம் போய்விடுகிறது. 15 கிரெடிட் எடுத்தால் வகுப்பில் 15 மணி, வெளியே படிக்க 30 மணி, அதுவே 45. ஆர்கானிக்கில் ஒரு வாரம் விட்டதைக் கடைசி இரவில் பிடிக்க முடியாது. முந்தைய வாரத்தின் வேதிவினை வழிமுறைகள் கைக்கு வராமல் அடுத்த வாரத்துப் பாடம் புரியாது.

உங்கள் மகளின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 30 கிரெடிட்டில் 3.62 என்றால் 108.6 புள்ளி. ஃபாலில் 15 கிரெடிட்டுக்கு 3.2 வந்தால் 48 புள்ளி சேர்ந்து, 45 கிரெடிட்டில் 156.6, ஜி.பி.ஏ. 3.48. அடுத்த செமஸ்டரிலேயே 3.6-க்குத் திரும்ப வேண்டுமானால் 15 கிரெடிட்டில் 3.96 வாங்க வேண்டும், அதாவது கிட்டத்தட்ட எல்லாமே ‘ஏ’. இதைவிட முக்கியமானது அறிவியல் ஜி.பி.ஏ. பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணக்கு இந்த நான்கையும் மெடிக்கல் விண்ணப்பத்தில் தனியாகக் கூட்டுவார்கள். முதல் ஆண்டில் 18 அறிவியல் கிரெடிட்டில் 3.5 இருந்தது என்று வைப்போம், 63 புள்ளி. ஃபாலில் ஆர்கானிக் லேபோடு 4 கிரெடிட் ‘சி’, பிசிக்ஸ் லேபோடு 4 கிரெடிட் ‘பி’ என்றால் 20 புள்ளி. 26 கிரெடிட்டில் 83, அதாவது 3.19. பாடத்தைத் திரும்ப எடுத்தாலும் பழைய ‘சி’ விண்ணப்பக் கணக்கை விட்டுப் போகாது, இரண்டும் சேரும்.

அதற்காகத்தான் ஸ்டடி ஹவர்ஸ் வைத்திருக்கிறோமே என்பார்கள். வாரம் நான்கு, ஆறு மணி நேரம் உட்கார்ந்து படித்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும். சாப்டர் அறையில் பதினைந்து பெண்கள், பதினைந்து லேப்டாப், நடுவில் ஒரு பெட்டி பீட்சா. ஒருத்தி டிஷர்ட் டிசைன் காட்டுவாள், பதினான்கு பேர் கருத்துச் சொல்வார்கள். வருகைப் பதிவில் இரண்டு மணி நேரம் ஏறிவிடும், வினை வழிமுறை ஒன்றுகூட எழுதியிருக்க மாட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வி: நூலகத்திலோ பல்கலைக்கழக டியூட்டரிங் மையத்திலோ உட்கார்ந்த நேரத்தை ஸ்டடி ஹவர்ஸாக எடுத்துக்கொள்வார்களா? ஆம் என்கிற சாப்டர் படிப்பைப் பற்றி யோசித்திருக்கிறது. இங்கேதான் இருக்க வேண்டும் என்கிற சாப்டருக்கு வேண்டியது ஆள் எண்ணிக்கை.

அந்த அறையில் இன்னொன்றும் இருக்கும்: பழைய கேள்வித்தாள் கோப்பு. முன்பு இரும்பு அலமாரி, இப்போது பகிர்ந்த டிரைவ். பேராசிரியர் திருத்திக் கையில் கொடுத்த தாளை வைத்துப் படிப்பதைப் பெரும்பாலும் தப்பென்று சொல்லமாட்டார்கள். திருப்பித் தர வேண்டிய தாளை யாரோ போனில் படம் எடுத்து ஏற்றியிருந்தால் அது நேர்மைக் குற்றம். பார்த்தவர் மேலும் நடவடிக்கை வரலாம், வந்தால் மெடிக்கல் விண்ணப்பத்தில் கல்லூரி நடவடிக்கை பற்றிய கேள்விக்கு ஆம் என்று எழுத வேண்டியிருக்கும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத தாளைத் தொடாமல் இருப்பதே மேல். இதை மட்டும் மகளிடம் அழுத்தமாகச் சொல்லுங்கள்.

சேவைக்கு வருவோம். நோட்டீஸில் இரண்டு வேறு சரக்கு ஒரே வரியில் கட்டப்பட்டிருக்கிறது. நேரில் போய் வேலை செய்வது சர்வீஸ். ஒரு காரியத்துக்காகப் பணம் திரட்டுவது பிலாந்தரபி. 4,000 மணி நேரத்தை 120-ஆல் வகுத்தால் ஆளுக்கு வருடத்துக்கு 33 மணி. இரண்டு செமஸ்டர் சேர்த்து 30 வாரம் என்றால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் சொச்சம். மோசமில்லை. ஆனால் அந்த மணிக்குள் என்ன இருக்கிறது? பான்கேக் விருந்துக்கு மாவு கரைத்தது, அதற்கு டிக்கெட் விற்றது, நிகழ்ச்சிக்காக நடனம் பழகியது எல்லாம் சில சாப்டர்களில் சேவை மணியாகவே எழுதப்படும். சேவைக்கு வராதவர் அபராதம் கட்டித் தப்பிக்கலாமா என்றும் கேளுங்கள். பணம் கட்டி மணி நேரத்தை வாங்கலாம் என்றால் அந்த 4,000-க்கு என்ன பொருள்?

48,000 டாலரை வகுத்தால் ஆளுக்கு 400. டிக்கெட் காசு, டிஷர்ட் காசு, கூடவே பெற்றோருக்கும் சித்தி பெரியம்மாவுக்கும் அனுப்பும் நன்கொடை லிங்க். அந்த லிங்க் உங்கள் வாட்ஸாப்புக்கும் வரும், தயாராக இருங்கள். அது செலவு கழித்த தொகையா கழிக்காததா, எந்த அமைப்புக்கு எவ்வளவு போனது என்று கேட்டால் பொருளாளரிடம் பதில் இருக்க வேண்டும்.

பிலாந்தரபியைக் குறைத்துச் சொல்லவில்லை. டிரை டெல்டா சொராரிட்டி 1999 முதல் மெம்பிஸ் நகரத்து செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனைக்குத் திரட்டுகிறது. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1973 முதல் நடக்கும் ‘தான்’ என்ற நடன மராத்தானில் கிரீக் மாணவர்களும் மற்றவர்களுமாக 46 மணி நேரம் உட்காராமல் தூங்காமல் நிற்கிறார்கள். 2024-ல் மட்டும் 1.69 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. புற்றுநோய் வந்த குழந்தைகளின் குடும்பங்களுக்குக் காப்பீடு தராத சிகிச்சைச் செலவு அதிலிருந்து போகிறது. அந்தக் குடும்பங்களுக்கு இது பேருதவி. ஆனால் மகள் நினைக்கிற ‘மெட் ஸ்கூலுக்கு உதவும்’ என்பது வேறு விஷயம். கப்பா ஆல்ஃபா தீட்டா சொராரிட்டி, நீதிமன்றத்தில் குழந்தைகளுக்காகப் பேசும் காசா தன்னார்வலர் அமைப்புக்கு நிதி திரட்டுகிறது. அந்தத் தன்னார்வலராக வர பெரும்பாலான இடங்களில் 21 வயது ஆகியிருக்க வேண்டும், 30 மணி நேரப் பயிற்சி வேண்டும், எடுத்த வழக்கோடு மாதக்கணக்கில் நிற்க வேண்டும். 19 வயதுப் பெண் அதற்காக கப்கேக் விற்கலாம். குழந்தையின் பக்கத்தில் உட்கார முடியாது. அட்மிஷன் குழு கேட்பது அந்தப் பக்கத்தில் உட்கார்ந்த அனுபவத்தை.

டெக்சாஸ் அரசு மெடிக்கல் ஸ்கூல்களுக்கு டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். வழியாகவும், வெளி மாநிலங்களுக்கு ஆம்காஸ் வழியாகவும் விண்ணப்பிப்பார்கள். இரண்டிலும் மருத்துவம் சார்ந்த அனுபவமும் பொதுச் சேவையும் தனித்தனி வகைகள். ஆம்காஸில் மொத்தம் 15 பதிவுகள், ஒவ்வொன்றையும் 700 எழுத்துக்குள் விவரிக்க வேண்டும், மணிக்கணக்கும் சொல்ல வேண்டும், விசாரிக்க ஒரு தொடர்பும் தர வேண்டும். சொராரிட்டி உறுப்பினர் என்பது அதில் ஒரு பதிவு. வாரம் மூன்று மணி நேரம் ஒரே இலவச மருத்துவ மையத்தில் இரண்டு வருடம் மொழிபெயர்த்தோ நோயாளிகளைப் பதிவு செய்தோ வந்தால் 250 மணிக்கு மேல் சேரும், நோயாளியைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும். சாப்டரின் 33 மணி அதற்கு ஈடாகாது. சேவைப் பொறுப்பாளராக ஒரு வருடம் இருந்து, சாப்டரையே அந்த மையத்துக்கு வாராவாரம் ஆள் அனுப்ப வைத்தால் கதை வேறு. அது நல்ல பதிவாகும்.

இனி ‘நம்ம பிள்ளைகள்’. தெற்காசியப் பெண்களின் சொராரிட்டிகளுக்கு டெக்சாஸே தாய் மண்: 1998-ல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் டெல்டா ஃபை ஒமேகா, அதே வருடம் ஆஸ்டினில் கப்பா ஃபை காமா. தீபாவளி தெரிந்த பெண்கள் நடுவே இருப்பது சுகம், மறுக்கவில்லை. ஆனால் சாப்டர் சிறியது. 120 பேரில் ஒருவர் சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது. 20 பேரில் எல்லோருக்கும் பதவி உண்டு, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எல்லோரும் வேண்டும். மதிப்பெண் அறிக்கையும் கவனமாகப் படிக்க வேண்டியது: 8 பேரில் ஒருவர் 3.6-க்குப் பதில் 1.6 வாங்கினால் சாப்டர் சராசரி 0.25 சரியும். சிறிய சாப்டருக்கு ஒரு செமஸ்டர் எண் எதையும் சொல்லாது, ஆறு செமஸ்டர் பாருங்கள்.

நம்ம நிறத்துப் பிள்ளைகள் என்பதால் ஹேஸிங் (புதியவர்களைக் கொடுமைப்படுத்தும் சடங்கு) இருக்காது என்று மட்டும் நினைக்க வேண்டாம். 2013 டிசம்பரில் நியூயார்க் பாரூக் கல்லூரியைச் சேர்ந்த ஒரு ஆசிய அமெரிக்க ஃப்ரட்டர்னிட்டி, புதியவர்களைப் பென்சில்வேனியா மலைப்பக்கம் அழைத்துப் போய், கண்ணைக் கட்டி, கனமான பையைச் சுமக்க வைத்து மோதித் தள்ளியதில் முதலாண்டு மாணவர் ஒருவர் இறந்தார். அந்த அமைப்பு பென்சில்வேனியாவில் 10 ஆண்டுக்குச் செயல்படவே கூடாது என்று 2018-ல் நீதிமன்றம் தடை போட்டது. பிலாந்தரபித் தொகையும் இந்த விஷயத்தில் சான்றாகாது: மேலே சொன்ன பென் ஸ்டேட்டில், நடன மராத்தான் நடந்த அதே 2017 பிப்ரவரியில்தான் ஒரு ஃப்ரட்டர்னிட்டி வீட்டில் புதியவரைக் குடிக்க வைத்து உயிர் போனது. டெக்சாஸ் சட்டத்தின்படி 2019 முதல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் கடந்த மூன்று ஆண்டுகளில் எந்த அமைப்பு ஹேஸிங்கில் சிக்கியது என்ற பட்டியலைத் தன் இணையப் பக்கத்தில் போட வேண்டும். 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் நாடு முழுக்க இதுபோன்ற அறிக்கையைக் கட்டாயமாக்கிவிட்டது. இரண்டு சாப்டர்களின் பெயரையும் அதில் தேடுங்கள். ஐந்து நிமிட வேலை.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை: கிரேக்க எழுத்து எல்லாமே ஒரே ஜாதி இல்லை. 1776-ல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கிய ஃபை பீட்டா கப்பா இன்று முழுக்க முழுக்கப் படிப்புக்கான கௌரவ அமைப்பு. ஆல்ஃபா ஃபை ஒமேகா 1925-ல் லாஃபயெட் கல்லூரியில் சேவைக்காகவே தொடங்கியது. ஆண் பெண் இருவரும் சேரலாம், சேவை மணிதான் அங்கே முக்கிய வேலை. மகளுக்கு உண்மையிலேயே வேண்டியது சேவையும் நாலு நண்பர்களும் என்றால், இந்த வாசலையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சகோதரிகள், வீடு, பாட்டு, விருந்து இதெல்லாம்தான் வேண்டும் என்றால் அதுவும் குற்றமில்லை. ஆனால் அதைச் சேவை என்ற பெயரில் உங்களிடம் விற்க வேண்டியதில்லை.

சேர விடலாமா? மகளுக்கு 18 வயது தாண்டிவிட்டது. 1974-ன் ஃபெர்ப்பா சட்டப்படி மதிப்பெண்ணே அவருடைய சொத்து, கல்லூரி உங்களுக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. சாப்டர் பார்க்க மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார், அது வேறு வேடிக்கை. ஆகவே தடை போடுவதைவிட நிபந்தனை பேசுவது நல்லது. என் யோசனை: சேர்வதென்றால் அந்த ஃபாலில் ஆர்கானிக்கோடு பிசிக்ஸை எடுக்க வேண்டாம், பிசிக்ஸ் மூன்றாம் ஆண்டுக்குப் போகட்டும், மொத்தம் 13 கிரெடிட் போதும். முழுநேர மாணவருக்கு 12 வேண்டும் என்பதால் அதற்குக் கீழே போகக் கூடாது. ஆர்கானிக் முதல் மிட்டெர்ம் மதிப்பெண் வந்த அன்று, வகுப்புச் சராசரிக்குக் கீழே இருந்தால், புதிய உறுப்பினர் பொறுப்பாளரிடம் மறுநாளே போய் நிகழ்ச்சிகளிலிருந்து விலக்குக் கேட்க வேண்டும். கொடுக்கிற சாப்டர்கள் இருக்கின்றன. சமாளிக்க முடியாவிட்டால் பாடத்தை விடலாம் என்று அவர் நினைத்தால், டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் பட்டப்படிப்பு முழுவதற்கும் ஆறு பாடங்களைத்தான் இப்படி விட முடியும் என்பதை நினைவூட்டுங்கள்.

கையெழுத்திடும் முன் இன்னும் இரண்டு. என்.பி.சி. என்ற கூட்டமைப்பில் உள்ள 26 சொராரிட்டிகளில் ஒன்று என்றால், ரெக்ரூட்மெண்ட் (ஆள் சேர்ப்பு) கடைசியில் ஒரு ஒப்பந்தம் நீட்டுவார்கள். அதில் தான் எழுதிக் கொடுத்த சாப்டர் அழைத்தும் சேரவில்லை என்றால், அடுத்த பெரிய ரெக்ரூட்மெண்ட் வரை அந்த வளாகத்தில் வேறு என்.பி.சி. சொராரிட்டியில் சேர முடியாது. இனிஷியேஷன் (முறைப்படி உறுப்பினராக்கும் சடங்கு) முடிந்துவிட்டால் அந்த 26-க்குள் இன்னொன்றில் வாழ்நாளுக்கும் சேர முடியாது. பணத்தில், முதல் செமஸ்டர் கட்டணம், பிந்தைய செமஸ்டர் கட்டணம், அபராதப் பட்டியல் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வீட்டில் தங்கியே ஆக வேண்டிய ஆண்டு உண்டா என்றும் கேளுங்கள், அந்த வாடகைதான் பிற்பாடு திகைக்க வைப்பது.

சாப்டரிடம் மகள் கேட்க ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைக் கேட்கட்டும்: போன ஃபாலில் ஆர்கானிக் எடுத்துக்கொண்டே இங்கே சேர்ந்த பெண் யார், அவரோடு பத்து நிமிடம் தனியாகப் பேசலாமா? உடனே பெயர் வந்தால், அந்தப் பெண்ணிடம் என்ன கிரேடு வாங்கினீர்கள், செப்டம்பரில் எத்தனை நிகழ்ச்சிக்குப் போகாமல் இருந்தீர்கள், அதற்கு எவ்வளவு அபராதம் கட்டினீர்கள் என்று விசாரிக்கட்டும். 120 பேரில் அப்படி ஒருவர்கூட இல்லை என்றால், பிரீ-மெட் பெண்கள் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இன்னும் பிரீ-மெட்டாக இருக்கிறார்கள் என்று கேட்கட்டும்.